டர்பனில் டோஸ்ட்மாஸ்டர்ஸ்: மேடைக்குச் சரி, அரட்டைக்கு உதவுமா?

டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ வேலைக்கு வந்து இறங்கும் தமிழர்களிடம், "பேச்சு சரளமா வரணும்னா டோஸ்ட்மாஸ்டர்ஸ்ல சேருங்க" என்று முதல் மாதமே யாராவது சொல்லிவிடுகிறார்கள். கேட்டவருக்கு வேண்டியது பெரும்பாலும் மேடைப்பேச்சு இல்லை. லிஃப்டில் மேலாளரோடு நாலு மாடி ஏறும்போது என்ன பேசுவது, வாடிக்கையாளர் கூட்டம் தொடங்கும் முன் எல்லோரும் காபி ஊற்றிக்கொள்ளும் அந்த ஐந்து நிமிடத்தை எப்படிக் கடத்துவது, பக்கத்து வீட்டு பிராயில் (வெளியே நெருப்பில் இறைச்சி சுட்டுச் சாப்பிடும் விருந்து) கையில் தட்டோடு யாரிடம் போய் நிற்பது, இவைதான் அவருடைய தலைவலி. டோஸ்ட்மாஸ்டர்ஸ் போல மேடைப்பேச்சு பழகவென்றே அமைந்த ஒரு கிளப் இந்தத் தலைவலிக்கு எவ்வளவு மருந்தாகும், எங்கே கெடுதல் செய்யும் என்பதுதான் இந்த விமர்சனத்தின் கேள்வி. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். மேடைக்கு ஐந்துக்கு நாலரை. அரட்டைக்கு, கிளப் சொல்லித்தருவதை அப்படியே எடுத்துக்கொண்டால் இரண்டு; கிளப்பின் ஓரங்களைப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு நான்கு.

அமைப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1924 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சான்டா அனா நகரத்தில், ஒய்எம்சிஏ கட்டடத்தின் அடித்தளத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது. லாப நோக்கம் இல்லாதது. சம்பளத்துக்கு ஆசிரியர் கிடையாது. உறுப்பினர்களே மாறி மாறிப் பேசி, மாறி மாறி மதிப்பிட்டுக்கொள்கிறார்கள். தலைமையகத்துக்கான கட்டணம் ஆறு மாதத்துக்கு 60 டாலர், புதிதாகச் சேரும்போது ஒரே ஒரு தடவை 20 டாலர். ராண்டில் ஆறு மாதத்துக்கு ஆயிரத்தை ஒட்டி வரும், மாற்று விகிதம் போல் கூடக் குறைய இருக்கும். அதற்கு மேல் அரங்க வாடகை, தேநீர் என்று கிளப் தனியாக ஏதாவது வாங்கலாம். சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். விருந்தினராக வந்து பார்ப்பதற்குக் காசில்லை.

ஒரு மாலைக் கூட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். பல கிளப்புகள் மாதம் இரண்டு முறை கூடுகின்றன. தயாரித்து வந்த உரைகள் இரண்டோ மூன்றோ, ஒவ்வொன்றும் 5 முதல் 7 நிமிடம். ஐந்தாம் நிமிடம் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு என்று டைமர் விளக்கோ அட்டையோ காட்டுவார். முதல் உரைக்கு ஐஸ் பிரேக்கர் என்று பெயர். 4 முதல் 6 நிமிடம், உங்களைப் பற்றியே பேச வேண்டும். பிறகு டேபிள் டாபிக்ஸ்: தலைப்பை அந்த இடத்திலேயே தருவார்கள், எழுந்து 1 முதல் 2 நிமிடம் பேச வேண்டும். கடைசியில் ஒவ்வொரு உரைக்கும் ஒரு மதிப்பீட்டாளர் 2 முதல் 3 நிமிடம் நல்லதும் திருத்த வேண்டியதும் சொல்வார். இதற்கிடையே "ஆ", "ம்", "யூ நோ" போன்ற இழுவைகளை எண்ணிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் ஆ-கவுண்டர்.

அரட்டை பழக வந்தவர் டேபிள் டாபிக்ஸைப் பார்த்ததும், தேடி வந்தது இதுதான் என்று நினைத்துக்கொள்வார். முழுப் பொய் இல்லை. எழுந்து நின்றால் வாய் உலர்ந்துபோகிற பயம் நாலைந்து தலைப்புகளிலேயே பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுகிறது. அதற்காகவே அந்த 60 டாலரைக் கொடுக்கலாம். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். முகத்தைச் சுளிக்க மாட்டார்கள். எதைச் சொன்னாலும் முடிவில் கைதட்டல் உண்டு. தேநீர் மேஜையில் இந்த மூன்றும் கிடையாது. அங்கே ஒருவர் ஒரு தடவைக்குப் பதினைந்து, இருபது நொடி பேசினால் போதும்; முப்பதைத் தாண்டினால் எதிரிலிருப்பவரின் கண் உங்கள் தோளுக்குப் பின்னால் வேறு ஆளைத் தேடத் தொடங்கிவிடும். ஒரு வருடம் விடாமல் டேபிள் டாபிக்ஸ் பேசித் தேறியவர்கள் சிலர் விருந்துகளில் பெரிய தொல்லையாகிவிடுவதற்குக் காரணம் இதுதான். "வார இறுதி எப்படிப் போச்சு?" என்ற கேள்விக்கு முன்னுரை, மூன்று கருத்து, முடிவுரையோடு பதில் வரும்.

ஆ-கவுண்டர் விஷயமும் அப்படித்தான். மேடையில் "ஆ" குறைவது நல்லது, சந்தேகமில்லை. உரையாடலில் கதை வேறு. பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009 ஆய்வு ஒன்றில், ஒருவர் கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையிலான சராசரி இடைவெளி சுமார் 200 மில்லிநொடி என்று கண்டார்கள். ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுபவருக்கு ஒன்றரை நொடியாவது பிடிக்கும்; அதற்குள் பேச்சு அடுத்தவரிடம் போய்விடும். சொல்வதற்கு விஷயம் இருந்தும் பலர் ஊமையாக நிற்பது இதனால்தான். இங்கே "வெல்", "யா", "ஓகே, ஸோ" என்ற இழுவைதான் கை கொடுக்கும். "இருங்கள், நான் பேசப் போகிறேன்" என்று இடம் பிடித்து வைக்கும் துண்டு அது. அதேபோல அடுத்தவர் பேசும்போது நாம் போடும் "ம்", "அப்படியா" எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதற்கான அத்தாட்சி. டர்பனில் அந்த வேலையை "இஸிட்?" என்ற சொல் செய்கிறது. "நேத்து ரெண்டு மணி நேரம் டிராஃபிக்" என்றால் "இஸிட்?" என்பார்கள். அதற்கு "யெஸ், இட் இஸ்" என்று பதில் சொல்ல வேண்டாம்; கதையைத் தொடர்ந்தால் போதும். கிளப்பில் இவற்றையெல்லாம் எண்ணிக் காட்டும்போது மேடைக்கு மட்டும் அந்தத் திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, நான்கு மதிப்பெண் எங்கிருந்து வருகிறது? வாசலிலிருந்தும், பொறுப்புகளிலிருந்தும், தேநீர் இடைவேளையிலிருந்தும்.

வாசல் முதலில். ஒவ்வொரு கிளப்பிலும் சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ் என்று ஒரு நிர்வாகி உண்டு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்: நாற்காலி போடுவது, வருகிறவரை வரவேற்பது, நேரத்துக்குக் கூட்டத்தைத் தொடங்கி வைப்பது, அவ்வளவுதான். அந்தப் பதவி உடனே கிடைக்காது, ஆனால் "வாசல்ல நான் நிக்கட்டுமா?" என்று கேட்டால் எந்தக் கிளப்பும் மறுப்பதில்லை. கால் மணி நேரம் முன்னதாகப் போய் நின்றால் பத்துப் பேரிடமாவது முதல் முப்பது நொடிப் பேச்சைப் பழகலாம், அதுவும் வரவேற்கும் உரிமையோடு. முறை இதுதான். நீங்கள் முந்திக்கொண்டு வணக்கம் சொல்லுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி நிறுத்துங்கள். அவர் தன் பெயரைச் சொல்வார். அதை உடனே ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள், தவறாக உச்சரித்தால் அப்போதே திருத்திவிடுவார். எளிய கேள்வி ஒன்று. பிறகு அவரை இன்னொருவரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலுக்குத் திரும்புங்கள்.

அந்தக் கடைசிப் படிதான் வணிகக் கூட்டங்களில் தங்கம். வெறும் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தினால் இருவரும் கை குலுக்கிவிட்டு மௌனமாக நிற்பார்கள். இருவருக்கும் பிடித்துக்கொள்ள ஒரு நுனி கொடுக்க வேண்டும். "இவங்க பைன்டவுன்ல சரக்கு கம்பெனி. நீங்க போன வாரம் ரிச்சர்ட்ஸ் பே போனதா சொன்னீங்களே, அந்த ரோடு இப்ப எப்படி இருக்குன்னு இவங்க கேட்டுட்டிருந்தாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், உங்கள் உதவி இல்லாமலே பத்து நிமிடம் ஓடும். அறிமுகம் செய்து வைத்தவரை இருவருமே மறப்பதில்லை.

அடுத்தது டாபிக்ஸ்மாஸ்டர் பொறுப்பு. பேசுகிற முறை வராதா என்று காத்திருக்காமல், டேபிள் டாபிக்ஸில் கேள்வி கேட்கிற இந்தப் பொறுப்பை இரண்டு மூன்று தடவை கேட்டு வாங்குங்கள். எட்டுப் பத்துக் கேள்வி எழுதிக்கொண்டு போக வேண்டும். இங்கேதான் நல்ல கேள்வி எது, மொக்கைக் கேள்வி எது என்பது கண் முன்னாலேயே தெரியும். "நேர்மை பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் எதிரில் நிற்பவர் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்குப் போய்விடுவார். "காலையில் உம்ஹ்லாங்கா போக எம்4 சாலையா, என்2 சாலையா? எதற்காக?" என்று கேட்டுப் பாருங்கள், கடல் காட்சி, லாரி நெரிசல், பள்ளிக்கூடத்தில் பிள்ளையை இறக்குவது என்று ஆளே வெளியே வந்துவிடுவார். சின்னதாக, பார்த்த விஷயமாக, தவறான பதிலே இல்லாததாக இருக்க வேண்டும். "ஏன்" என்று தொடங்கும் கேள்வி விசாரணை மாதிரி ஒலிக்கும். "எப்படி", "எது" பரவாயில்லை. ஆம், இல்லை என்று முடியும் கேள்வியால் கெடுதல் ஒன்றுமில்லை, அடுத்த கேள்வி கைவசம் இருந்தால்.

அந்த அடுத்த கேள்விதான் முழு விஷயமும். 2017-ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், அதிகம் கேள்வி கேட்பவர்களை மற்றவர்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்றும், அந்த விருப்பத்துக்கு முக்கியக் காரணம் சொன்னதைத் தொட்டுக் கேட்கும் தொடர்கேள்விகள் என்றும் காட்டினார்கள். வரிசையாக வேறு வேறு தலைப்பில் கேட்பது கணக்கில் வராது. "எங்க வேலை? எத்தனை வருஷம்? வீடு எங்க?" என்பது குடிநுழைவு அதிகாரியின் பாணி. "வீடு ஃபீனிக்ஸ்" என்றார் என்றால், "அங்கிருந்து வர எவ்வளவு நேரம் ஆகுது?" என்று அதே நூலைப் பிடித்து இழுக்க வேண்டும். இரண்டு தொடர்கேள்வி, பிறகு உங்கள் பங்குக்கு ஒரு வரி. கேட்டுக்கொண்டே இருந்து தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாதவரிடமும் மனிதர்கள் ஒட்டுவதில்லை.

டோஸ்ட்மாஸ்டர்ஸின் இணையவழிப் பாடத்திட்டமான பாத்வேஸில் இதற்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. செவிகொடுத்துக் கேட்பதைப் பற்றிய அந்தப் பாடத்தில், டாபிக்ஸ்மாஸ்டராக இருந்து ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் அவர் சொன்னதைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இன்னொரு பாடம், தொழில்முறைச் சந்திப்பு ஒன்றுக்குத் தயாரித்துக்கொண்டு போய் வந்து அந்த அனுபவத்தை 5 முதல் 7 நிமிடம் பேசச் சொல்கிறது. மூன்றாவதாக, உரைக்குப் பின் கேள்விகளை எதிர்கொள்ளும் பாடம். தேர்ந்தெடுக்கும் பாதையைப் பொறுத்து இவை கட்டாயமாகவோ விருப்பமாகவோ வெவ்வேறு நிலைகளில் வரும். அரட்டைக்காகச் சேர்ந்தவர் இந்த மூன்றையும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு பாதையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கிளப்பில் வழிகாட்டியாக ஒரு மூத்தவரை ஒதுக்கித் தருவார்கள். அவரிடம் "எனக்கு உரையை விட உரையாடல்தான் வேணும்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்களைப் பேச்சுப்போட்டிக்குத் தயார் செய்யத் தொடங்கிவிடுவார்.

இனி தேநீர் இடைவேளை. பத்துப் பதினைந்து நிமிடம்தான். கட்டணத்தின் உண்மையான பலன் அங்கேதான் இருக்கிறது, அங்கேதான் நம்மவர்கள் அதைக் கோட்டை விடுகிறார்கள். நாலு தமிழர் சேர்ந்தால் மூலையில் ஒரு வட்டம் உருவாகிவிடும், சமோசா முடியும் வரை கலையாது. தமிழில் பேசுவது குற்றமில்லை. தமிழ் தெரியாதவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்ற பிறகும் தமிழிலேயே தொடர்வதுதான் குற்றம். அந்த நொடியிலேயே ஆங்கிலத்துக்கு மாறி, ஓடிக்கொண்டிருந்த பேச்சை ஒரே வரியில் அவருக்குச் சொல்ல வேண்டும்: "வீட்டு வாடகை ஏறினதைப் பேசிட்டிருந்தோம்." நிற்கும் கோணமும் முக்கியம். இருவர் நேருக்கு நேர் நின்றால் மூன்றாமவர் நுழைய வழியில்லை. கொஞ்சம் திறந்து, மூன்றாவது ஆளுக்கு இடம் விட்டு நிற்கப் பழகுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் முகமன் சொல்லாமல் விஷயத்துக்குப் போவது முரட்டுத்தனம். கடைக்காரரானாலும், பெட்ரோல் போடுபவரானாலும், அலுவலக வரவேற்பாளரானாலும் முதலில் "ஹலோ, ஹவ் ஆர் யூ?", அவர் "ஃபைன், அண்ட் யூ?" என்ற பிறகுதான் காரியம். நம்மவர்கள் "ஃபைன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். திருப்பிக் கேட்காதது கதவை முகத்தில் சாத்துவதற்குச் சமம். ஜூலு பேசும் சக ஊழியரிடம் "சவுபோனா", பலரிடம் அல்லது பெரியவரிடம் மரியாதைக்கு "சனிபோனானி". "உன்ஜானி?" என்றால் "ங்கியாபிலா, வேனா உன்ஜானி?" என்று திருப்பிக் கேட்டுவிடுங்கள். பெரியவர்களை "பாபா", "மாமா" என்பார்கள். அந்த "மாமா" அம்மாவுக்கு உரியது, நம் தாய்மாமனை நினைத்து ஆண்களை அழைத்துவிட வேண்டாம். கை குலுக்கும்போது இடக்கையால் வலது முன்கையைத் தாங்கிக்கொள்வது மரியாதை. உள்ளங்கை, பிறகு கட்டைவிரல் பிடி, மறுபடி உள்ளங்கை என்று மூன்று கட்டமாகக் குலுக்கினால் கையைப் பிடுங்கிக்கொள்ளாமல் அவர் போக்கில் விடுங்கள்.

டர்பன் தமிழர்களோடு பேசும்போது இன்னும் கவனம் தேவை. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் அன்றைய காலனி) வந்தவர்கள் 1,52,000-க்கும் மேல். அவர்களில் பெரும்பகுதி மதராஸ் வழியாக வந்தவர்கள். வீட்டு மொழி ஆங்கிலமாகித் தலைமுறைகள் ஆகிவிட்டன. நாயுடு, பிள்ளை, கோவெண்டர் என்று பெயர்ப்பலகையைப் பார்த்ததும் "தமிழ் தெரியாதா?" என்று வியப்போடு கேட்பது நம்மவர் பழக்கம். அது அவர்களுக்கு வலிக்கும் கேள்வி. "இந்தியாவுல எந்த ஊர்?" என்பதும் அப்படியே, பலருக்கு அந்த நூல் அறுந்துவிட்டது. சாதியைத் துருவுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்குப் பதிலாக, "உங்க வீட்ல காவடிக்கு எந்தக் கோயில் போவீங்க?" என்று கேளுங்கள். மவுன்ட் எட்ஜ்கோம்பா, அம்பிலோவா, தாத்தா எந்தத் தேர் இழுத்தார் என்று அவர்களே சொல்வார்கள். தமிழ்நாட்டில் நீங்கள் பார்க்காத விரத முறையெல்லாம் தெரிந்துகொள்வீர்கள். வயதில் மூத்த இந்தியர்களை, அறிமுகம் இல்லாவிட்டாலும், அங்கிள், ஆன்ட்டி என்பதே இங்கே வழக்கம். அலுவலகத்தில் மட்டும் எல்லோருக்கும் முதல் பெயர். "சார், சார்" என்று தொடர்ந்தால் நெளிவார்கள்.

தலைப்புக்கு டர்பனில் பஞ்சமில்லை. ஷார்க்ஸ் ரக்பி, கிங்ஸ்மீட் கிரிக்கெட், ஜூலை முதல் சனிக்கிழமை கிரேவில் குதிரைப் பந்தயம், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தான் (யாராவது ஒரு அலுவலகத் தோழர் ஓடியிருப்பார், அதைப் பற்றிக் கேட்டால் உங்களுக்குப் பேசும் வேலையே இல்லை). அக்டோபரிலிருந்தே "டிசம்பருக்கு என்ன பிளான்?" என்று தொடங்கிவிடலாம். மின்வெட்டு, சாலைக் குழி, குற்றம் ஆகியவற்றை உள்ளூர்க்காரர் தாமாகவே எடுப்பார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் தலையாட்டிக் கேட்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தன் ஊரைத் தானே திட்டிக்கொள்ளலாம். வந்தவர் சேர்ந்து திட்டினால் பேச்சு சட்டென்று குளிர்ந்துவிடும். சம்பளம், கல்யாணம், குழந்தை ஏன் இல்லை ஆகியவை நம் ஊர் ரயில் பெட்டியோடு இருக்கட்டும். யாராவது "பிரிங் அண்ட் பிராய்" என்று அழைத்தால், சுட வேண்டியதை நாம்தான் கொண்டுபோக வேண்டும். சைவர்கள் பனீரோ சோளமோ எடுத்துக்கொண்டு போய், கம்பியில் ஓர் ஓரத்தை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். அந்தப் பேரமே நல்ல தொடக்கப் பேச்சு.

கிளப்பில் யாருமே கற்றுத் தராதது முடிக்கும் கலை. அங்கே சிவப்பு விளக்கு வந்து முடித்து வைக்கும். விருந்தில் விளக்கு இல்லை. 2021-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நூற்றுக்குச் சுமார் இரண்டு உரையாடல்களே இருவரும் விரும்பிய நேரத்தில் முடிந்தன. மற்றவற்றில் ஒருவருக்குக் கூடுதல், இன்னொருவருக்குக் குறைவு, அல்லது இருவருக்குமே ஏதோ ஒன்று. ஆகவே நாம் முடித்தால் அவர் மனம் புண்படுமோ என்ற தயக்கம் தேவையில்லை; அவரும் அதே தயக்கத்தில் நின்றுகொண்டிருக்கலாம். பேச்சு நன்றாக ஓடும்போதே முடிக்க வேண்டும், வறண்ட பிறகு இல்லை. அவர் சொன்ன ஒன்றைத் திருப்பிச் சொல்லி, அடுத்ததைச் சொல்லி, நகர்ந்துவிடுங்கள்: "அந்த ஹில்க்ரெஸ்ட் கடையைக் கண்டிப்பா பார்க்கிறேன். அங்க ஒருத்தரைப் பார்க்கணும், அப்புறம் பேசலாம்." சொன்னால் நகர வேண்டும். கைபேசியைப் பார்ப்பது, கழிவறை என்று சொல்லிவிட்டு உணவு மேஜையில் நிற்பது, இதெல்லாம் பிடிபடும். இடைவேளையில் மூன்று பேரிடம் இப்படித் தொடங்கி முடித்தால் அன்றைய பயிற்சி ஆயிற்று.

மாற்று வழிகளையும் ஒரு கை பார்த்துவிடலாம். நிறுவனங்கள் நடத்தும் ஒரு நாள், இரண்டு நாள் தகவல்தொடர்புப் பயிலரங்குகள் குறிப்பேடு நிரம்பும் அளவுக்குச் சொல்லித்தரும். திரும்பத் திரும்பச் செய்து பார்க்க அதற்குள் நேரமில்லை என்பதால் ஒட்டுவதில்லை. அலுவலகம் காசு கொடுத்தால் போகலாம். கைபேசியில் செயற்கை நுண்ணறிவோடு குரலில் பேசிப் பழகுவது, முதல் இரண்டு வரியை ஒத்திகை பார்க்கவும் பதில் தொடங்கும் வேகத்தைக் கூட்டவும் நன்றாகவே உதவுகிறது. ஆனால் அதற்கு அலுப்பே வராது, கண் வேறு பக்கம் போகாது. அந்தக் கண்ணைப் படிப்பதுதான் பாதி வித்தை.

இலவசமாக வேண்டுமென்றால் பார்க்ரன்தான் என் பரிந்துரை. சனிக்கிழமை காலை, ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், நடக்கவும் செய்யலாம். டர்பனில் நார்த் பீச்சில் பெருங்கூட்டம் வரும். தன்னார்வலராகப் பெயர் கொடுத்து ஓடுபவர்களின் பட்டைக்குறியீட்டை ஸ்கேன் செய்யும் வேலையை வாங்கினால், ஒவ்வொருவரிடமும் ஐந்து நொடிப் பேச்சு கட்டாயம் கிடைக்கும். காவடிக்கு முந்தைய நாட்களில் கோயில் சமையற்கட்டில் காய் நறுக்கப் போவதும் அந்த வகைதான். கை வேலையில் இருக்கும்போது, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போது, மௌனம் உறுத்துவதில்லை. மிகவும் கூச்சப்படுபவர்கள் இங்கே தொடங்கிவிட்டுப் பிறகு கிளப்புக்கு வரலாம். பேச்சை விட ஆங்கிலமே தடையாக இருப்பவர், கிளப்புக்கு முன் மொழி வகுப்புக்குப் போவது நல்லது. கிளப்பில் இலக்கணத்துக்கென்று ஒரு பொறுப்பாளர் உண்டென்றாலும் அவர் மொழி ஆசிரியர் இல்லை.

சேருவதென்று முடிவானால், ஒரே கிளப்பைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் மூன்றையாவது பாருங்கள். டோஸ்ட்மாஸ்டர்ஸ் இணையதளத்தில் ஊர் பெயரைக் கொடுத்துத் தேடலாம். சில கிளப்புகள் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்கு மட்டுமானவை, அதைக் கவனியுங்கள். இணையவழியில் மட்டும் கூடும் கிளப் உரைக்குச் சரி, அரட்டைக்கு உதவாது. வாசலும் இல்லை, தேநீரும் இல்லை. பன்னிரண்டிலிருந்து இருபது பேர் வரை வரும் கிளப் தோது. அதற்கு மேல் போனால் பொறுப்புகள் கைக்கு வர மாதக்கணக்காகும், எட்டுக்குக் கீழே என்றால் ஒருவரே மூன்று பொறுப்பைச் சுமப்பார். முதல் வருகையில் ஒன்றை மட்டும் பாருங்கள்: நீங்கள் உள்ளே நுழைந்து இரண்டு நிமிடத்துக்குள் யாராவது உங்களிடம் வந்தார்களா, வந்தவர் படிவத்தை நீட்டினாரா, பெயரைக் கேட்டாரா. டேபிள் டாபிக்ஸுக்கு விருந்தினரையும் அழைப்பார்கள்; மறுக்கலாம், மறுக்க வேண்டாம்.

கட்டணம் புதுப்பிக்கும் நாட்கள் ஏப்ரல் 1, அக்டோபர் 1. இடையில் சேருபவருக்கு மாதத்துக்கு 10 டாலர் கணக்கில் பிரித்து வாங்குவார்கள். ஆகஸ்டில் சேர்ந்தால் இரண்டே மாதத்தில் மறுபடி 60 டாலர் கேட்கும். பல கிளப்புகள் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை கூடுவதில்லை, எனவே அக்டோபரில் சேருபவருக்கு அந்த அரையாண்டில் கூட்டங்கள் குறைவாகவே கிடைக்கும். ஏப்ரலில் சேர்ந்தால் ஆறு மாதமும் தடையில்லாமல் வரும். பிப்ரவரி, மார்ச்சில் விருந்தினராகச் சுற்றிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.